மனைக்கட்டும் கண்ணகி நகரும்

திருவையாறுன்னாலே தியாகராஜர் ஆராதனை, அப்புறம் அசோகா. வெளியூர் நண்பர்கள் கேட்கிறது இந்த ரெண்டைத்தான். நான் இன்னிக்கு எழுத வந்தது இந்தப் பக்கத்து மனைக்கட்டு பத்தி.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள் குடும்பம் குடிசை போட்டிருந்தது பெரும்பாலும் மிராசுதார் மனையில். கூலி கூடக் கேட்டால் வேலை மட்டும் போகாது, அன்னிக்கு ராத்திரி படுக்கிற இடமும் போயிடும். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? செங்கொடிச் சங்கம் வளர்ந்து, போராட்டங்கள் வெடிச்ச பிறகுதான் 1952ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1961ல் குடியிருப்பைக் காலி பண்ணவிடாமல் தடுக்க இன்னொரு சட்டம். 1971ல் கலைஞர் ஆட்சியில் அதுக்கும் மேலே ஒரு படி: 1971 ஜூன் 19 அன்னிக்கு எந்த விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம். என்னைக் கேட்டால், டெல்டாவில் உச்சவரம்பு சட்டத்தைவிட இந்தத் துண்டு மனைதான் நிறைய பேரை நிமிர்ந்து நடக்க வைத்தது.

சரி, ஆத்துல தண்ணி வராத வருஷங்களில் பிழைப்புக்கு மெட்ராஸ் போனவங்க கதை என்ன?

அதே 1971ல் அங்கேயும் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. 1202 குடிசைப்பகுதிகளை அரசு அறிவித்தது. அறிவிக்கப்பட்ட இடத்தில் இருந்து யாரையும் சும்மா கிளப்பிவிட முடியாது. 1985ல் இன்னும் 17 சேர்ந்தது. அதோட சரி. அதுக்கப்புறம் முளைத்ததெல்லாம் 'ஆக்கிரமிப்பு'ன்னு ஆயிடுச்சு.

இங்கேதான் எனக்கு உறுத்துது. கிராமத்தில் மனைக்கு ஓனர் மிராசுதார். அவர் கையை அரசு கட்டிப்போட்டது. நகரத்தில் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை புறம்போக்குக்கு ஓனர் அரசேதான். தன் கையைத் தானே கட்டிக்க அதுக்கு மனசு வரலை.

கோர்ட்டுக்கும் போனாங்க. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 ஜூலை 10 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம்னு சொன்னது. ஆனா முறைப்படி காலி பண்ணலாம், அக்டோபர் 31 வரை பொறுங்கன்னும் சொன்னது. (பம்பாயில் மழை முடியும் நேரம். நம்ம ஊரில் அப்பதான் ஆரம்பிக்கும்!) மெட்ராஸ் குடிசைகளுக்காக, பின்னாளில் நீதிபதியான சந்துரு போட்ட வழக்கும் அதே நாளில் முடிந்தது.

2000 வாக்கில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். வீட்டு வேலை, மீன் விற்பனை, பூ வியாபாரம் எல்லாம் நகரத்துக்குள்ள. வீடு மட்டும் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி. விடியறதுக்கு முன்னாடி பஸ் பிடிக்கணும். பாதி வருஷத்தில் கிளப்பினதால் படிப்பை விட்ட பசங்க எத்தனையோ. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி கூவம், அடையாறு கரை ஜனங்களை அனுப்பினது எங்கே தெரியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின பெரும்பாக்கத்துக்கு.

2021ல் குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு புதுப்பெயர். 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிச்சப்போ அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பக்கமே வீடு தரப்படும்னு முதல்வர் ஸ்டாலின் உடனே சட்டசபையில் அறிவித்தார்.

பக்கத்திலேயே கொடுக்க இடம் இருந்திருக்கு, பாருங்க.