வீட்டுக் காப்புறுதி: சின்ன எழுத்தின் பெரிய கதை

லண்டனில் எங்கட சனம் நாலு பேர் கூடினால் கதை ஒரு ஒழுங்கில்தான் போகும். முதலில் வீட்டு விலை, பிறகு பிள்ளைகளின் படிப்பு, அதுக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரனைத் திட்டுவது. என்னோடு குசினியில் வேலை செய்யும் அண்ணர் ஒருவர் அந்தத் திட்டை ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்: "கட்டேக்கை காசு கேப்பாங்கள், நாங்கள் கேக்கேக்கை கடதாசி கேப்பாங்கள்."

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006இல் அதைப் பாதியில் விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். பட்டம் கிடைக்கவில்லை, பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரத்தில் நூலகத்தில் இருந்து, இந்தக் காப்புறுதி என்ற சாமான் எங்கே தொடங்கியது, அதில் உள்ள "ஆனால்", "தவிர" எல்லாம் எப்போது நுழைந்தன என்று தேடிப் படித்தேன். படித்ததில் விளங்கியது இதுதான்: காப்புறுதியின் வரலாறு பாதிக்குமேல் விதிவிலக்குகளின் வரலாறு. அந்த விதிவிலக்குகளில் பல, யாரோ விடாமல் சண்டை பிடித்தபடியால் பின்னர் மாறியிருக்கின்றன.

தொடக்கம் ஒரு அடுப்பு. 1666 செப்ரெம்பர் 2ஆம் திகதி அதிகாலை, லண்டனில் புடிங் லேன் என்ற ஒழுங்கையில் இருந்த ஒரு பேக்கரியில் நெருப்புப் பிடித்தது. நாலு நாளில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் பழைய சென் போல்ஸ் பேராலயமும் எரிந்துபோயின. அப்போது வீட்டுக்கு நெருப்புக் காப்புறுதி கிடையாது. அதைவிடக் கொடுமை, பல வாடகைக்காரர்கள் கையெழுத்து வைத்த குத்தகையின்படி வீட்டைத் திருத்தி வைத்திருப்பதும் வாடகை கட்டுவதும் அவர்களுடைய பொறுப்பு. வீடு சாம்பல், வாடகை மட்டும் நிற்கவில்லை. இந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்து, 1667இல் இருந்து கிளிபோர்ட்ஸ் இன் என்ற இடத்தில் விசாரித்தார்கள். கையெழுத்து வைத்த கடதாசியில் என்னதான் இருந்தாலும், யார் எவ்வளவு நட்டம் தாங்கமுடியும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பதுதான் அந்த நீதிமன்றத்தின் வேலை.

நிக்கலஸ் பார்பன் என்பவர் வைத்தியம் படித்தவர். ஆனால் நெருப்புக்குப் பிறகு வீடு கட்டிக் காசு பார்த்தவர். 1680, 81 காலத்தில் அவரும் கூட்டாளிகளும் நெருப்புக் காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். கணக்கு எளிது. செங்கல் வீடு என்றால் ஒரு வருட வாடகையில் நூற்றுக்கு இரண்டரை, மர வீடு என்றால் நூற்றுக்கு ஐந்து. இருபது பவுண்ஸ் வாடகை பெறக்கூடிய செங்கல் வீட்டுக்கு வருடத்துக்கு பத்துச் சிலிங். ஆபத்துக் கூடினால் விலை கூடும் என்ற விதி அன்றைக்கே வந்துவிட்டது.

ஆனால் அது சுவருக்கும் கூரைக்கும் மட்டும்தான். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், உடுப்பு, சட்டி பானைக்கு அதில் இடமில்லை. சாள்ஸ் போவி என்பவர் 1708இல் சாமான்களுக்கும் காப்புறுதி என்று தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் 1710இல் உருவான சன் என்ற நெருப்புக் காப்புறுதி அலுவலகம். பழைய லண்டன் வீடுகள் சிலவற்றின் முகப்பில் சூரியன் முகம் போட்ட ஈயத் தகடு இன்றைக்கும் இருக்கிறது. அது அவர்களுடைய அடையாளம். தகடு இல்லாத வீட்டை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லையென்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தகட்டைவிடக் கடதாசியில் இருந்த வசனங்கள்தான் ஆபத்தானவை.

1766இல் நொரிச் நகரத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை ஏறியதால் சனம் கலகம் செய்தது. ஒருவருடைய மோல்ட் கொட்டில் எரிந்தது. அவருடைய பொலிசியில், அந்நியப் படையெடுப்பாலோ "அபகரிக்கப்பட்ட அதிகாரத்தாலோ" வந்த நட்டத்துக்குப் பணம் இல்லை என்று எழுதியிருந்தது. கலகக்காரரும் அதிகாரத்தை அபகரித்தவர்கள்தான் என்று கம்பனி வாதாடியது. 1767இல் தீர்ப்பு வந்தது. பசியில் எழும்பின கும்பல் வேறு, அரசைக் கவிழ்க்க வந்த படை வேறு, கம்பனி காசைக் கட்டவேண்டும் என்றது நீதிமன்றம். சனத்துக்கு வெற்றி.

அந்த வெற்றி பதின்மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை. 1780 யூனில் லண்டனில் கோர்டன் கலகம் என்று சொல்லப்படும் பெரிய கலவரம் நடந்தது. கத்தோலிக்கருக்குச் சில உரிமைகள் கொடுத்த சட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, கத்தோலிக்கரின் கோயில்களையும் வீடுகளையும் தேடித் தேடி எரித்தார்கள். ஹோல்போர்னில் சாராய வடிசாலை வைத்திருந்த லாங்டேல் என்ற கத்தோலிக்கரின் சொத்தும் எரிந்தது. அவர் சன் அலுவலகத்தில் காப்புறுதி செய்திருந்தார். அந்தப் பொலிசியில் நொரிச் வழக்கில் இல்லாத இரண்டு சொல் கூட இருந்தது: "சிவில் கொமோஷன்". தமிழில் உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லலாம். வழக்கை விசாரித்தவர் பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு. நடந்தது உள்நாட்டுக் குழப்பம்தான், ஆகவே கம்பனி பொறுப்பில்லை என்று முடிந்தது. இதில் கவனிக்கவேண்டிய விசயம், அதே கலவரத்தில் மான்ஸ்பீல்ட் பிரபுவின் புளூம்ஸ்பெரி சதுக்க வீடும் அவருடைய நூலகமும் எரிக்கப்பட்டிருந்தன. 1981இல் யாழ் நூலகம் எரிந்த கதை கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் யோசிக்கவேண்டி வந்தது. வீட்டை இழந்த மனுசனே அந்த இரண்டு சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

அந்த இரண்டு சொல்லும் கப்பலேறி எங்கட நாட்டுக்கும் வந்தன. 1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சாதாரண நெருப்புக் காப்புறுதி வைத்திருந்தவருக்கும் நெருப்பு எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. அடுப்பிலிருந்து வந்த நெருப்புக்கு ஒரு பதில், தெருவிலிருந்து வந்த நெருப்புக்கு வேறு பதில். 1980களின் பிற்பகுதியில் இலங்கை அரசு இதற்கென்று ஒரு நிதியம் அமைத்தது. அதன் பெயரே வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் என்றுதான் போகும். லாங்டேலைத் தோற்கடித்த அதே சொற்கள்.

போர் என்றால் இன்னும் மோசம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் விமானக் குண்டு ஊர்களை அழித்ததைப் பார்த்த பிரித்தானியக் காப்புறுதிக்காரர், 1937இல் நிலத்தில் உள்ள சொத்துக்குப் போர்க் காப்புறுதி இல்லை என்று தங்களுக்குள் உடன்பட்டார்கள். பிறகு லண்டனில் ஹிட்லரின் குண்டு விழுந்தது. கம்பனி வராத இடத்தில் அரசு வரவேண்டியதாயிற்று. 1941இல் போர்ச் சேதச் சட்டம் கொண்டுவந்து, வீட்டுக்காரர் எல்லாரும் கட்டாயம் பங்கு கட்ட, இடிந்த வீட்டுக்கு அரசு நட்டஈடு கொடுத்தது. எங்கட வீட்டுக் கூரையில் செல் விழுந்தபோது அப்படி ஒரு சட்டம் எங்களுக்கு வரவில்லை. இங்கே இன்றைக்கும் வீட்டுப் பொலிசிகளில் போர் என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

கலகம் அப்படியில்லை. கலகத்தில் வீடு இடிக்கப்பட்டால் அந்த ஊர்ப் பிரிவே நட்டம் கட்டவேண்டும் என்று இங்கே 1714ஆம் ஆண்டுக் கலகச் சட்டம் சொன்னது. 1886இல் அந்தப் பொறுப்பு பொலிஸ் நிதிக்கு மாறியது. 2011 கலவரத்துக்குப் பிறகு 2016இல் புதுச் சட்டம் வந்து, ஒரு கோரிக்கைக்குப் பத்து லட்சம் பவுண்ஸ் என்று உச்ச எல்லை போட்டது. முதுகுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறபடியால், பெரும்பாலான வீட்டுப் பொலிசிகள் இன்று கலகச் சேதத்துக்குக் காசு தருகின்றன. லாங்டேலுக்கு மறுக்கப்பட்டது எங்களுக்குக் கிடைக்கிறது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2015 மாரியில், நானும் மனைவியும் வேலைக்குப் போன பகல் நேரத்தில் வீடு உடைத்து நகையை எடுத்துப் போனார்கள். தமிழ் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது லண்டன் கள்ளருக்கு நல்லாய்த் தெரியும். போனது மனைவியின் தாலிக்கொடி, மாமி கொடுத்த அட்டியல், இரண்டு சோடி காப்பு. வீட்டில் தங்கம் இருக்கு என்று பொலிசி எடுத்தபோதே சொல்லியிருந்தேன். கம்பனி அனுப்பிய நட்ட மதிப்பீட்டாளர் மரியாதையான மனுசன்தான். "எந்தக் கடையில் வாங்கினீர்கள், பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்டார். கடையில் வாங்கவில்லை, பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு இருக்கு, அம்மாவின் பழைய நகையை உருக்கிப் பத்தர் செய்தது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: வாங்கியதற்கு ஆதாரம் இல்லை, பணம் இல்லை. 1970களில் யாழ்ப்பாணத்தில் செய்த அட்டியலுக்கு, மூன்று இடப்பெயர்வுக்குப் பிறகு, பற்றுச்சீட்டு எங்கே தேடுவது?

நான் விடவில்லை. கலியாணப் படங்களைப் பெருப்பித்து, ஈஸ்ற்ஹாமில் ஒரு நகைக் கடைக்காரரிடம் நிறை, மதிப்பு எழுதி வாங்கி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அதற்குப் பிறகு சம்மதித்தார்கள். அதிலும் காசு தராமல் ஒரு வெள்ளைக்கார நகைக் கடைத்தொடரின் வவுச்சர் தந்தார்கள். அந்தக் கடையில் 22 கரட் கிடையாது. அதில் தாலிக்கொடி வாங்க ஏலுமா? திரும்பவும் முறைப்பாடு, பிறகு ஒம்புட்ஸ்மன். ஏழு மாதத்துக்குப் பிறகு காசாக வந்தது. ஆனால் ஒரு பொருளுக்கு 1,500 பவுண்ஸ் என்ற எல்லைக்குள்தான். தாலிக்கொடிக்கு அது அரைவாசியும் காணாது.

இந்த ஒம்புட்ஸ்மனும் மேலேயிருந்து விழுந்ததில்லை. 1981இல் சில கம்பனிகள் சேர்ந்து காப்புறுதிக்கென ஒரு ஒம்புட்ஸ்மன் அலுவலகம் வைத்தன. 2001இல் அது சட்டப்படியான நிதிச்சேவை ஒம்புட்ஸ்மனாக மாறியது. எங்களுக்குச் செலவில்லை. அவர்களின் இறுதி முடிவை நாங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பனி அதற்குக் கட்டுப்படவேண்டும்.

இன்னொரு பழைய பிரச்சினையும் சட்டத்தால்தான் மாறியது. 1766இல் அதே மான்ஸ்பீல்ட் பிரபு, சுமாத்திராவில் இருந்த ஒரு ஆங்கிலக் கோட்டையின் காப்புறுதி வழக்கில், இரு தரப்பும் முழு நல்லெண்ணத்தோடு உண்மையைச் சொல்லவேண்டும் என்றார். அந்த வழக்கில் வென்றது காப்புறுதி எடுத்தவர். ஆனால் பிறகு அந்த விதி எங்களுக்கு எதிராகவே திரும்பியது. கம்பனி கேட்காத விசயத்தையும் நீ சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை, ஆகவே பொலிசி செல்லாது என்பார்கள். 2012இல் கொண்டுவந்து 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றியது. கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததை ஊகிப்பது எங்கள் வேலையில்லை.

விலை விசயமும் அப்படித்தான். வருடா வருடம் அதே கம்பனியில் இருந்தவர், புதிதாக வந்தவரைவிடக் கூடக் கட்டிக்கொண்டிருந்தார். வயதானவரும், இணையம் பார்க்கத் தெரியாத எங்கட அம்மா அப்பாமாரும்தான் கூடுதலாக மாட்டுப்பட்டார்கள். 2018இல் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இதைப் பெரிய முறைப்பாடாகக் கொண்டுபோனது. 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, வீட்டுக்கும் வாகனத்துக்கும் புதுப்பிக்கும்போது அதே வழியில் வரும் புதியவருக்குச் சொல்லும் விலையைவிடக் கூடக் கேட்கக்கூடாது என்று விதி வந்தது. அதற்காகக் கட்டுப்பணம் மலிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 1994இல் நூற்றுக்கு இரண்டரையாகத் தொடங்கிய காப்புறுதி வரி, 2017 யூனில் இருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கட சாமானுக்கு இல்லை. பார்பன் காலத்தில் இருந்தமாதிரி அது சுவருக்கும் கூரைக்கும்தான். நகை உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுங்கள், தனித்தனியாகவும் எடுங்கள். நிறையை எழுதிவையுங்கள், பத்தர் செய்தது என்றால் இங்கே ஒரு கடையில் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். தங்கம் விலை ஏற ஏற அந்தத் தொகையையும் மாற்றவேண்டும். எல்லைக்கு மேலே போகும் நகையைப் பெயர் சொல்லிப் பொலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் அந்தக் கடிதத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

எங்கட குசினி அண்ணர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உதெல்லாம் ஆருக்கடாப்பா நேரம்?" என்றார். நேரம் இல்லைத்தான். ஆனால் முதல் கடிதத்தில் "இல்லை" என்று வந்தவுடன் பேசாமல் இருந்துவிடுவது எங்கட பழக்கம். நாட்டில் கச்சேரி வாசலில் பழகினது. கம்பனிக்கும் அந்தப் பழக்கம் தெரியும். அண்ணருக்கு நான் ஒன்றுதான் சொன்னேன்: இந்தக் கிழமை ஓய்வு நாளில் பொலிசியை எடுத்து, என்ன தருவோம் என்ற பக்கத்தை விட்டுவிட்டு, என்ன தரமாட்டோம் என்ற பக்கத்தை முதலில் வாசியுங்கோ. விளங்காத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வாங்கோ, இடைவேளையில் இருந்து பார்ப்பம்.