செவ்வாய் கிரகத்து ஆசாமிகள்

1949, பிப்ரவரி 12. சனிக்கிழமை ராத்திரி. தென் அமெரிக்காவில், ஈக்வடார் நாட்டுத் தலைநகரான கீட்டோ. 'ரேடியோ கீட்டோ'வில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெனிதெஸ் - வலென்சியா என்ற இரட்டையர், ஊருக்கே செல்லம். பாட்டு பாதியில் நின்றது.

அவசரச் செய்தி! செவ்வாய் கிரகத்து ஆசாமிகள் இறங்கிவிட்டார்கள். தெற்கே லதகுங்கா நகரம் காலி. அடுத்து, கீட்டோவை ஒட்டியிருக்கும் கொத்தகொல்லாவோ! அமைச்சர் பேசினார். மேயர் பேசினார். 'பெண்களும் குழந்தைகளும் மலைப் பக்கம் ஓடுங்கள், ஆண்கள் சண்டைக்குத் தயாராகுங்கள்' என்றார்.

எல்லாம் மிமிக்ரி! எச்.ஜி. வெல்ஸின் நாவலை லியோனார்டோ பாயெஸ் என்பவர் உள்ளூர்ப் பெயர்கள் போட்டு நாடகமாக்கியிருந்தார். 1938-ல் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் போட்ட அதே நாடகம்தான். (அப்போது அமெரிக்காவே அலறி ஓடியதாகப் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை அது.) வெல்ஸாவது ஆரம்பத்திலேயே 'இது நாடகம்' என்று அறிவித்தார். கீட்டோவில் அந்த ஒரு வரி இல்லை.

ஜனங்கள் வீட்டில் போட்டிருந்த உடையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். சர்ச்சுகள் நிரம்பின. 1941-ல்தான் பக்கத்து நாடான பெருவோடு சண்டை போட்டுத் தோற்ற தேசம். படையெடுப்பு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். விஷயம் கைமீறுவதைப் பார்த்த நிலையத்தார், 'ஐயா, இது வெறும் நாடகம்' என்று மைக்கில் கெஞ்சினார்கள்.

வந்தது வினை! அதுவரை பயந்தவர்களுக்கு இப்போது ஆத்திரம். எங்களை முட்டாளாக்கினீர்களா? கூட்டம் நேராக நிலையத்துக்குக் கிளம்பியது. 'எல் கொமெர்சியோ' நாளிதழின் கட்டடத்தில்தான் ரேடியோவும் இருந்தது. முதலில் கல். பிறகு தீ. பத்திரிகை ஆபீஸ் அல்லவா, எரிவதற்குக் காகிதத்துக்கா பஞ்சம்? மாடியில் சிக்கியவர்களில் சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள்.

போலீஸும் ராணுவமும் எங்கே? செவ்வாய் கிரகத்து ஆசாமிகளைத் தடுக்கக் கொத்தகொல்லாவோவுக்குப் போயிருந்தார்கள்! திரும்பி வந்து, கண்ணீர்ப்புகை வீசி, டாங்கிகளைக் கொண்டுவந்து கூட்டத்தைக் கலைப்பதற்குள் கட்டடம் எலும்புக்கூடாகியிருந்தது. குறைந்தது 6 பேர் செத்துப்போனார்கள்.

உயிர் பிழைத்த பாயெஸ், பிற்பாடு நாட்டைவிட்டே கிளம்பி வெனிசுவேலாவில் குடியேறினார்.