அமெரிக்க உரிமமா, ஐரோப்பிய உரிமமா?

பைலட் ஆக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் விசாரிப்பது செலவைத்தான். ஆனால் உரிமம் கையில் வந்தபின் எந்த நாட்டில் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் என்பதே அதற்கு முந்தைய கேள்வி. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் உரிமத்தையும் அதற்கு இணையான ஐரோப்பிய அமைப்பான இயாசாவின் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

படிப்புச் சுமை ஐரோப்பாவில்தான் அதிகம். பயணிகள் விமானம் ஓட்டும் இலக்கோடு படிப்பவர் வானிலை, வழிசெலுத்தல், விமானச் சட்டம் என்று 13 தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும். முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் வணிக விமானி உரிமத்துக்கு ஒரே எழுத்துத் தேர்வு. அதன்பின் தேர்வாளர் நேருக்கு நேர் கேள்வி கேட்பார், கூடவே பறந்தும் பார்ப்பார்.

வேலைக்குப் போகும்போது நிலைமை தலைகீழாகிறது. ஐரோப்பாவில் சுமார் 200 மணி நேரம் பறந்தவர், இன்னொரு விமானியோடு சேர்ந்து ஓட்டும் கூட்டுப் பணிப் பயிற்சியும் அந்த விமானத்துக்கான தனிப் பயிற்சியும் முடித்தால் ஏர்பஸ் 320இல் துணை விமானியாக உட்காரலாம். அமெரிக்காவில் உரிமம் பெற வழக்கமாக 250 மணி நேரம் போதும். பயணிகள் விமான நிறுவனத்தில் சேரவோ, சில விலக்குகள் தவிர, 1500 மணி நேரம் வேண்டும். 2009இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததையடுத்து வந்த விதி இது, 2013இல் அமலானது. அந்த விமானத்தின் இரு விமானிகளுமே 1500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்தாமல் தலைமை விமானி கட்டுப்பாட்டைப் பின்னுக்கு இழுத்தார். மணிக்கணக்கு மட்டுமே திறமைக்கு அளவுகோல் ஆகாது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் உரிமம் பெற்றபின் 1500 மணி நேரத்தை எட்டும் வரையிலான இடைக்காலத்தில் பயிற்றுநராக வேலை பார்ப்பவர் நிறையக் கற்றுக்கொள்கிறார் என்பதை மறுக்க முடியாது.

நம் மாணவருக்குச் சிக்கல் அந்த இடைக்காலத்தில்தான். 250க்கும் 1500க்கும் நடுவே சம்பளத்துக்குப் பறக்கப் பணி அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் அந்த நீண்ட காத்திருப்பு இல்லை, ஆனால் அங்கேயும் வேலை பார்க்கும் உரிமை வேண்டும். பிரிட்டன் 2020 முடிவில் இயாசா அமைப்பிலிருந்து விலகியதால், அங்கே பதிவான விமானங்களை ஓட்டத் தனி உரிமம் தேவைப்படுகிறது.

ஆகவே ஐரோப்பியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் 13 தாள்களுக்கு அஞ்சாமல் இயாசாவைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னைக்குத் திரும்பி இந்திய நிறுவனத்தில் பறக்க நினைப்பவருக்கு அமெரிக்கப் பயிற்சி பொருந்தும். அங்கே பறந்த நேரத்தை இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. கணக்கில் எடுத்துக்கொள்ளும், உரிமத்தை அப்படியே ஏற்காது. இந்தியத் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்பதால், அவற்றைக் கிளம்பும் முன்பே எழுதிவிடுவது நல்லது. அதற்கும் முன்னால், பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே, முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வாங்கிவிட வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது சிலருக்கு அந்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது.