சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்கள்: கருப்பைப் புற்றுநோயும் கொழும்புத் தமிழ்ப் பெண்களும்

கருப்பையில் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதாக அறிந்த ஒரு பெண், சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கும் சில வாரங்கள் மனித வரலாற்றில் மிக அண்மையிலேயே தோன்றியவை. உறுப்பிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுணுக்குக்காட்டியில் வைத்து நோயைத் தீர்மானிக்கும் இழையப் பரிசோதனையும், வயிற்றைத் திறந்த பின்னும் உயிரைக் காக்கவல்ல மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வந்து சேரும்வரை அப்படியோர் இடைக்காலம் இருக்கவில்லை. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்தபின் மறுபடி கண்ட குருதிப்போக்கைப் பெரும்பாடு என்று கருதிக் கஷாயம் குடித்து, வெளியே சொல்லக் கூசி, நோயின் பெயரை அறியாமலே பெண்கள் இறந்தார்கள். பெயர் அறியப்படத் தொடங்கிய பின்னரோ, அதை யாருக்கு, எந்த மொழியில் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. களனி ஆற்றங்கரையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அக்கேள்வி இன்னும் தீரவில்லை.

இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஒரு காலத்தில் தமிழிலேயே விடை கிடைத்திருக்கக்கூடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலே மேலைமருத்துவம் கற்பித்ததோடு, 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’ ஆகிய நூல்களையும் வெளியிட்டார். அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர் காயங்களைக் கிருமியிலிருந்து காக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். 1878இல் பிரெஸ்லாவு நகரில் (இன்றைய போலந்தின் விரொட்ஸ்வாப்) வில்ஹெல்ம் அலெக்சாண்டர் பிரொயிண்ட், புற்றுநோய் கண்ட கருப்பையை வயிற்றின் வழியே முழுமையாக அகற்றினார். அவர் முறையைப் பின்பற்றிய தொடக்க காலச் சத்திரசிகிச்சைகளில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள் என்பதை நினைக்கும்போது, அக்காலப் பெண்ணுக்கு நோயும் அதற்கான மருத்துவமும் ஒரே அளவு அச்சம் தந்திருக்கும் எனலாம். இதற்கிடையே 1870இல் கொழும்பில் ஆரம்பமான மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பிக்க, தமிழில் மருத்துவம் படித்தவர்களின் மரபு கிறீனின் காலத்தோடு மெல்ல அற்றுப்போயிற்று. பெரிய இழப்பு அது.

‘முற்றிய நிலை’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கருப்பையின் வாயில் தோன்றும் கழுத்துப் புற்றுநோயும் அதன் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. பின்னர் அவை தனித்தனியே பிரிக்கப்பட்டு, நோய் பரவிய அளவு நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. உட்சவ்வுப் புற்றுநோயில், கருப்பையைத் தாண்டிச் சூலகம், யோனி, நிணநீர்க்கணு ஆகியவற்றை எட்டியது மூன்றாம் படியாகவும், சிறுநீர்ப்பையின் அல்லது குடலின் உட்சவ்வையோ தொலைவிலுள்ள உறுப்புகளையோ எட்டியது நான்காம் படியாகவும் கொள்ளப்படுகிறது. ஆனால் உட்சவ்வுப் புற்றுநோயின் படி, 1988இல் அனைத்துலக மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு வகுத்த விதிப்படி, அகற்றிய உறுப்புகளைச் சோதித்த பின்னரே உறுதியாகிறது. எனவே சத்திரசிகிச்சைக்கு முன் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்லப்படும் படி ஒரு மதிப்பீடுதான். பின்னர் அது கூடலாம், குறையவும் கூடும். காத்திருக்கும் பெண்ணுக்கு முதலில் விளக்கப்பட வேண்டிய இச்செய்திதான் பல வேளைகளில் அவளிடம் சொல்லப்படாமலே போகிறது.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879இல் திறக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சையோ பிற்காலத்தில் மகரகமையைத் தன் மையமாகக் கொண்டது. போர்க்காலத்தில் வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டபோது வடக்கின் பெண்கள் கப்பலிலோ விமானத்திலோ அனுமதிப் பத்திரத்தோடு வந்து, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்கி, பஸ் ஏறி மகரகமை போனார்கள். தமிழுக்கு 1987இல் ஆட்சிமொழித் தகுதி கிடைத்த பின்னும் வாட்டில் பேசப்பட்டது பெரும்பாலும் சிங்களமாகவே இருந்ததால், தாயின் கருப்பையைப் பற்றி வைத்தியர் சொன்னதை மகனோ மருமகனோ கேட்டு, பாதியை விழுங்கி, மீதியைத் தமிழாக்கித் தாயிடம் சொல்லவேண்டியிருந்தது. பெண்ணின் உடலைப் பற்றிய செய்தி ஆணின் வாய்வழியே அவளிடம் வந்த அந்த நிலை, கேட்கவேண்டிய கேள்விகளை அவளுக்குள்ளேயே அடக்கிவிட்டது.

நோயாளியிடம் மறைக்கும் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிக்காகோவில் 1961இல் வெளியான ஆய்வொன்றில் மருத்துவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல விரும்பவில்லை என்றனர். 1979இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில் 97 சதவீதத்தினர் சொல்வோம் என்றனர். அங்கே ஒரு தலைமுறைக்குள் மாறிய வழக்கம் இங்கே ‘அம்மா தாங்கமாட்டா’ என்ற அன்பின் பெயரால் நிலைத்திருக்கிறது. அந்த அன்பு உண்மையானது. ஆயினும் வீட்டார் திடீரெனக் காட்டும் கனிவிலிருந்தும் தாழ்ந்த குரல்களிலிருந்தும் அவள் அனைத்தையும் ஊகித்துக்கொண்டு, பிறரைக் காப்பதற்காகத் தானும் அறியாதவள்போல் இருப்பதால், அச்சத்தைப் பகிர ஒருவருமின்றித் தனித்துவிடுகிறாள்.

இத்தனிமைக்குக் கொழும்பு தந்த பழைய துணை நேர்த்தி வைத்தலாகும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அருகிலேயே, பொன்னம்பல முதலியார் நிறுவி அவர் மகன் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. நேர்த்தி வைப்பவள் தன் நோயைத் தெய்வத்திடம் தன் வாயாலேயே, தன் மொழியிலேயே சொல்கிறாள். வீட்டிலும் வைத்தியசாலையிலும் கிடைக்காத அந்த வாய்ப்பே அவ்வழக்கத்தின் வலிமை எனலாம். மருத்துவமும் இப்போது அந்த நாட்களை வெறும் காத்திருப்பாகக் கொள்வதில்லை: குருதிச்சோகையைச் சீர்செய்தல், சலரோகத்தைக் கட்டுப்படுத்தல், நாள்தோறும் நடத்தல், மூச்சுப்பயிற்சி ஆகியன சத்திரசிகிச்சைக்குப் பின் உடல் தேற உதவுகின்றன, சிலருக்கு முதலில் கீமோதெரப்பி தந்து கட்டியைச் சுருக்கிய பின்னரே சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. ‘வருத்தக்காரி’ என்று படுக்கையில் இருத்திவைக்கும் வீட்டு வழக்கம் இதற்கு மாறானது.

கொழும்புவரை வராமல் வடக்கிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டுமென 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடந்த நடை அது. கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாயிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள அவ்வைத்தியசாலையில், இன்று ஒரு பெண் தன் நோயைப் பற்றித் தன் மொழியிலேயே வைத்தியரிடம் நேரே கேட்கமுடிகிறது.