திரைப்படத்திற் பித்து: நகையும் அழுகையும்

தொல்காப்பியம் எள்ளலையும் பேதைமையையும் நகையின் நிலைக்களன்களுட் கொள்ளும். கோவைச் சென்ட்ரல் ஸ்டுடியோவிற் படமெடுத்து வளர்ந்த ஜூபிடர் நிறுவனத்தின் 'மனோகரா' (1954) இம்மரபினது. அதன்கண் பித்தனாகிய வசந்தன் நகைப்பொருளாயினான். பித்தரை எள்ளுதல் குற்றமன்று என்னும் எண்ணத்தை இத்தகு படங்கள் வலியுறுத்தியிருத்தல் கூடும்.

மேட்டுப்பாளையத்தினின்று ஏறும் மலைப்பாதையிலுள்ள கேத்தி நிலையத்தில் முடியும் 'மூன்றாம் பிறை' (1982) வேறுபட்டது. நினைவு மீண்ட பெண், தன்னைக் காத்தவன் ஆடிக்காட்டும் பழைய விளையாட்டைப் பித்தன் செயலெனக் கருதி உணவை எறிகின்றாள். அவன் கதையறிந்த அவையோர்க்கு அதுவே அழுகையாகின்றது. எனவே இழிவு செயலில் இல்லை. அறியாதார் நோக்கிலேயே உள்ளது.

ஆயினும் இரக்கம் உரிமையாகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடித் தீயில், சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியிடுதலை 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாக விலக்கிற்று. படம் நோக்கைத் திருத்தலாம். பிணிப்பை நீக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.