சக்கரத்தை எண்ணிப் பாருங்கள்



"ஜப்பான்காரன் டாங்கியில வந்தான்" என்று நம் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்த டாங்கி?

நம் செமினிக்கு வடக்கே, சிலிம் ரிவர் சாலையில், 1942 ஜனவரி 7 விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையே அவை பாய்ந்து வந்தன. எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபி, கூர்க்கா முதலிய சிப்பாய்கள். அவர்கள் பக்கம் ஒரு டாங்கிகூட இல்லை. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

வந்தவை இரண்டு வகை. அடையாளம் சுலபம். முன்கோடி, பின்கோடிச் சக்கரங்களை விட்டுவிட்டு, தரையை அழுத்தும் பெரிய சக்கரங்களை ஒரு பக்கம் எண்ணுங்கள். நான்கு என்றால் 95ஆம் வகை: சுமார் 7 டன், மூன்று பேர் ஓட்டுவது. ஆறு என்றால் 97ஆம் வகை: சுமார் 15 டன், நான்கு பேர்.

97லும் இரண்டு உண்டு. முதலில் வந்ததற்குக் கட்டைக் குட்டையான 57 மில்லிமீட்டர் பீரங்கி. பலவற்றில் தலையைச் சுற்றிக் குதிரை லாடம்போல் வானொலிக் கம்பி. பின்னால் வந்ததற்குத் தலை பெரிது. 47 மில்லிமீட்டர் பீரங்கி, குழாய் நீளம். இது 1942 மே மாதம் பிலிப்பைன்ஸின் கொரேகிடோர் தீவில்தான் முதலில் போரிட்டது.

ஆகவே, நீளக் குழாய் டாங்கிப் படத்தின் கீழே 'சிலிம் ரிவர்' என்று போட்டிருந்தால் நம்பிடாதீங்க!

அந்தச் சாலையில் மாண்டவர்களுக்கும், பின்னர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம்மவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை, நடந்ததை நடந்தபடி சொல்வதே.