தழும்பும் ஊசியும்: எலும்பு வலிக்குத் தீ வைத்த வரலாறும் எட்கர் தர்ஸ்டனின் ஒரு வாக்கியமும்

1889இல் முத்துக்குளிப்பைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு வந்த எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், படிப்பால் மருத்துவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றிய அவருடைய குறிப்புகள் மறு ஆண்டே அச்சேறின. கடலில் தொடங்கிய அந்தக் கண் பிறகு மனிதர் மேல் திரும்பி, 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளாக விரிந்தது. அதில் வரும் ஒரே ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு.

வழக்குக்குக் காரணம் ஒரு நவீன சிகிச்சை. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற தீங்கற்ற எலும்புக் கட்டியை, தோலில் ஊசித்துளை அளவே திறந்து, ரேடியோ அலை மின்னோட்டத்தின் வெப்பத்தால் அழிக்கும் முறை அது. அதற்கு முன்வரலாறு உண்டா என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். எல்லாம் சுஸ்ருதரிடமே இருந்தது என்பது மேடைகளில் கேட்பது. பழைய சூடெல்லாம் வெறும் நம்பிக்கை, மருத்துவத்தில் சேராது என்பது தர்ஸ்டன் வழி வந்தது. முதலாவது மிகை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டாவது ஆய்வின் தோரணையில் வருவதால் அதைத்தான் முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

தர்ஸ்டன் மருத்துவக் கருவிகளை எங்கே வைத்தார் என்று பாருங்கள். 1906இல் வெளியான அவருடைய இனவரைவியல் குறிப்புகளில் கொம்பு வைத்து உறிஞ்சும் சிகிச்சை, தூக்குக்கோல், நீர்க்கடிகாரம், சேவற்கட்டுக் கத்தி ஆகியவற்றோடு ஒரே தலைப்பின்கீழ் வருகிறது. மருத்துவம் படித்தவர் ஒரு சிகிச்சையைச் சேவற்கத்தியோடு சேர்த்துக் கட்டியது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அருங்காட்சியக அலமாரியின் ஒழுங்கு அது. நோயாளியின் கேள்விக்கு அதில் இடமில்லை.

இனி அந்த வாக்கியம். நீலகிரித் தோடர் ஆண்களின் வலது தோளில் தடித்தெழுந்த சூட்டுத் தழும்புகள் உண்டு. தீக்கடையும் புனிதக் கோலால் சுட்டவை. எருமைகளை எளிதாகக் கறக்க இந்தச் சூடு உதவும் என்று தோடர் நம்புவதாகத் தர்ஸ்டன் எழுதி, அதோடு நகர்ந்துவிடுகிறார். நீலகிரி எங்கே, தூத்துக்குடிக் கரை எங்கே என்று கேட்கலாம். சான்று அங்கேதான் கிடைக்கிறது, என்ன செய்ய?

அதே தழும்பை இன்னொரு மருத்துவரும் பார்த்தார். 1901-02இல் தோடரிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில், பையன் பன்னிரண்டு வயதை ஒட்டிக் கறவைக்குப் பழகும்போது இந்தச் சூடு போடப்படுகிறது என்கிறார். கறக்கும் களைப்பால் வரும் வலியைப் போக்குவதே அதன் நோக்கம் என்றும் பதிவு செய்கிறார். ஒருவருக்கு 'எளிது', மற்றவருக்கு 'வலி'. இந்தப் பாடபேதம் சிறியதன்று. எளிதாகும் என்றால் அது மந்திரம். வலி போகும் என்றால் அது வைத்தியம். ரிவர்ஸின் நூல் தர்ஸ்டனின் தொகுதிகளுக்கு மூன்று ஆண்டு முந்தியது. தர்ஸ்டன் அதைப் பல இடங்களில் எடுத்தாள்கிறார். இருந்தும் தன் 'எளிது' என்பதை விடவில்லை.

எதிர்வாதமும் வலுவானதுதான். வலி முற்றுமுன்பே எல்லாப் பையன்களுக்கும் சுடுவது சிகிச்சையா, சடங்கா? ரிவர்ஸும் மருத்துவர் என்பதால், கேட்டதை மருத்துவக் காரணமாக நேராக்கி எழுதியிருக்கலாம். தோளிலும் முழங்கை உட்புறத்திலும், அதாவது கறவையில் உழைக்கும் மூட்டுகளிலேயே, சூடு விழுவதை வைத்து நான் ரிவர்ஸ் பக்கம் சாய்கிறேன். அழகுக்கோ அடையாளத்துக்கோ என்றால் தீ ஏன் அந்த மூட்டுகளைத் தேடிப் போக வேண்டும்? ஒரு மூட்டின் மேல் ஒரு வழக்கையே நிறுத்துவது துணிச்சல்தான், ஆனாலும் நிறுத்துகிறேன்.

நூல் மரபுக்கு வந்தால் பிடி இறுகுகிறது. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் 12ஆம் அத்தியாயம் தீச்சிகிச்சைக்கு உரியது. அதில் எலும்பு எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தோல், தசை, நாளம், தசைநார், மூட்டு, எலும்பு ஆகியவற்றில் வாயு தங்கி மிகக் கடும் வலி தரும்போது சுடலாம் என்ற இடத்தில் எலும்பு இருக்கிறது. அர்புதம் எனப்படும் கட்டியும் சுடத்தக்கவற்றின் வரிசையில் உண்டு, ஆனால் தனியாக. நிதானத்தானம் 11ஆம் அத்தியாயம் அர்புதத்தை ஆறு வகையாக்குகிறது: வாதம், பித்தம், கபம், இரத்தம், தசை, கொழுப்பு. எலும்பு அர்புதம் அந்த ஆறில் இல்லை. ஆகவே எலும்புக் கட்டியைச் சுஸ்ருதர் சுட்டார் என்று சொல்ல நூலில் இடமில்லை. எலும்பில் இருக்கும் வலியைச் சுடச் சொன்னார் என்பதற்குத் தாராளமாக இடமுண்டு.

எதைக் கொண்டு சுடுவது என்பதிலும் ஒரு நுட்பம். தசைக்கு உலோகக் கருவிகள். நாளம், தசைநார், மூட்டு, எலும்பு ஆகியவற்றுக்குத் தேன், வெல்லம், நெய்ப்பொருள்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு தொட்ட இடத்தைக் கருக்கிவிடும். கொதிக்கும் வெல்லப்பாகு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சூட்டை இறக்கும். ஆழத்தில் இருப்பதற்கு மெதுவான சூடு என்ற கணக்கு இதில் இருந்திருக்க வேண்டும் என்று நான் வாதிடுவேன். தோல்மேல் ஊற்றிய பாகு எலும்பு வரை போகாது என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்வேன்.

தமிழ்ச் சான்றில் எச்சரிக்கை தேவை. பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார், மருத்துவன் வாள்கொண்டு அறுத்துச் சுட்டாலும் அவன்மேல் அன்பு மாறாத நோயாளியைப் பாடுகிறார். அவர் காலம் 8ஆம் நூற்றாண்டா 9ஆம் நூற்றாண்டா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. அறுப்பது முன்னும் சுடுவது பின்னுமாக வருவதால், இரத்தம் நிறுத்தும் சூடாகவே அதைப் படிக்கிறேன். குருதியை அடக்கும் நான்கு வழிகளில் சுடுதலும் ஒன்று என்று சுஸ்ருதமும் சொல்கிறது. எலும்பு வலிக்கு இதைச் சான்றாக இழுப்பது பாசுரத்தின் மேல் பாரம் ஏற்றுவதாகும். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் 'சுட்டிகை' ஒன்று. அந்தப் பட்டியல் எப்போது முப்பத்திரண்டாக உறைந்தது என்பதற்கு ஓலைகள் நம்பத்தக்க தேதி தருவதில்லை.

மறுமுனைக்குத் தாவுகிறேன். நியூயார்க்கில் ஹென்றி ஜாஃபே 1935இல் ஐந்து நோயாளிகளை வைத்து ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவைத் தனி நோயாகப் பிரித்தார். அதற்கு முன் இது பெரும்பாலும் எலும்புச் சீழ்நோய் என்றே எண்ணப்பட்டது. நைடஸ் எனப்படும் கரு பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அதைச் சுற்றி எலும்பு கெட்டியாகத் திரளும். உறுத்தலைச் சுற்றிச் சிப்பி முத்தைப் பூசுவதுபோல என்று தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்குச் சொல்லலாம். ஆனால் இங்கே பூச்சு நோயன்று, உள்ளிருக்கும் உறுத்தலே நோய். பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும், இரவில் குடையும், ஆஸ்பிரின் போட்டால் அடங்கும். கருவைச் சரியாகக் காண முடியாததால் அறுவையில் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டினார்கள். பிறகு ஒட்டு எலும்பு, தகடு, ஊன்றுகோல்.

ஊசி எங்கிருந்து வந்தது? ஆர்சன் டார்சன்வால் 1891இல், மிகு அதிர்வெண் மின்னோட்டம் தசையைத் துடிக்கச் செய்யாமல் உடம்பில் பாயும் என்று காட்டினார். அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தித் திசுவைச் சுடும் கலை நரம்பு அறுவையில்தான் முதிர்ந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் ஸ்வீட் முகநரம்பு வலிக்கு அதைப் பயன்படுத்தி, வெப்சிக்குடன் 1974இல் முடிவுகளை எழுதினார். அந்தச் சூட்டை எலும்புக் கட்டிக்குக் கொண்டுவந்த டேனியல் ரோசந்தால் இருந்ததும் அதே மருத்துவமனை. டில்லட்சன், ரோசன்பர்க் ஆகியோருடன் அவர் 1989இல் நாய் எலும்பில் சோதித்ததை வெளியிட்டார். 1992இல் நான்கு நோயாளிகள். ஆக, நவீன ஊசியும் எலும்புக்கு வந்தது வலிச் சிகிச்சையின் தெருவழியாகத்தான். ஒரே கூரையின்கீழ் இருந்ததைத் தவிர ஸ்வீட்டையும் ரோசந்தாலையும் இணைக்க என்னிடம் இருப்பது கருவியின் குலம் மட்டுமே. அதுவே போதும் என்பேன்.

எலும்புத் திசு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடத்துக்கே சேதமடையும் என்று ஸ்வீடனின் எரிக்சனும் ஆல்பிரக்சனும் 1983இல் முயல் எலும்பில் காட்டினார்கள். ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவுக்கு ஊசிமுனை வழக்கமாக 90 டிகிரியில் சில நிமிடங்கள் நிறுத்தப்படுகிறது. அதைவிட ஏற்றினால் திசு கருகும். கருகினது மின்னோட்டத்தை மறித்துச் சூடு பரவாமல் தடுக்கும். இரும்புக்கும் பாகுக்கும் இருந்த வேறுபாடு இங்கே வேறு உடையில் வருகிறது. இதை மரபுத் தொடர்ச்சி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 1998இல் ரோசந்தால் குழுவினர் அறுவையோடு ஒப்பிட்டபோது வலி திரும்பிய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கியது மட்டும் சராசரியாக ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஒரு நாளுக்கும் கீழே இறங்கியது.

பழைய தீயையும் புதிய தீயையும் பிரிப்பது சி.டி. ஸ்கேன். 1970களில் வந்த அந்தக் கருவி இல்லாமல் கருவின் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அறிய வழியில்லை. இடம் தெரியாதவரை தீ தோலிலேயே நின்றது. சுட்டவனுக்கு வலி தெரிந்திருந்தது, வலியின் வீடு தெரியவில்லை. ஊசி கருவுக்குள் நுழையும் நொடியில், மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கும் இதயத் துடிப்பு எகிறுவதுண்டு. வலியின் வீட்டுக் கதவைத் தொட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தென்மாவட்டங்களில் மூட்டிலும் முழங்காலிலும் பழைய சூட்டுத் தழும்போடு முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் 2000 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு இடத்து மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தத் தழும்புகள் எந்த இடத்தில், எந்த வயதில், எதைக் கொண்டு, எந்த வலிக்குச் சுடப்பட்டவை என்று எழுதி வைக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் மூக்கின் அகலத்தை அளந்தார் தர்ஸ்டன். நீங்கள் எங்கே வலித்தது என்று கேளுங்கள்.